கடவுச்சீட்டு இல்லாதவருக்கு ஒரு பொன்னாடை

“அந்தப் படத்தை உடனே அழியுங்கள்!”

சுவிஸின் லுசேர்ண் நகர ஹோட்டல் சமையலறைக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தவள் எமிலி, அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் செயலாளர். சமையற்காரன் குலேந்திரன் கையில் அகப்பையோடு விழித்தான்.

காலையில்தான் அந்த உறுப்பினருக்குப் பொன்னாடை போர்த்தி, படத்தை முகநூலில் போட்டிருந்தான். தமிழருக்காக எப்போதோ ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்த மனிதர். காலைச் சாப்பாட்டில் கண்டபிறகு சும்மா விட நம்மவர்களுக்கு மனம் வருமா?

“ஏன், படத்திலை வடிவாத்தானே இருக்கிறார்?”

எமிலி தலையில் கைவைத்தாள். அவர் பழமைவாதி. ‘என்னிடம் கடவுச்சீட்டே இல்லை, எனக்கு அமெரிக்கா போதும்’ என்று முழங்கியே 2010இலிருந்து மூன்று தேர்தல் வென்றவர். இந்த வருடம் மறுபடி தேர்தல். சுவிஸில் களவாகப் பனிச்சறுக்க வந்தது தெரிந்தால் அரசியல் வாழ்க்கை அதோடு சரி.

“அவர் கதை முடிந்தால் உங்கள் வேலையும் முடிந்தது. மனேஜரே சொல்லிவிட்டார்.”

குலேந்திரன் உடனே படத்தை அழித்தான். சுவிஸ் தமிழ்ச் சங்கத் தலைவர் இரவீந்திரனுக்குப் போன் அடித்தான்.

“அண்ணை, பொன்னாடைப் படத்தை ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ!”

“அது கனடா, நோர்வே எல்லாம் சுத்துதடா. நீ இப்ப பெரிய ஆள்!”

“ஐயோ! அப்ப அமெரிக்காவிலை, நியூஜெர்சியிலை எடுத்த படம் எண்டு ஒரு வரி போடுங்கோ.”

“நீ எப்பயடா நியூஜெர்சி போனனி?”

“இப்பத்தான் அண்ணை.”

படத்தில் பின்னால் தெரிந்த பனிமலையை எமிலி வெட்டியெறிந்தாள். புதுப்படம் ஊரெல்லாம் பறந்தது.

மாலையில் இரவீந்திரன் திரும்ப அழைத்தார்.

“நியூஜெர்சிச் சங்கத்துக்குச் சரியான கோபமடா. ‘எங்கடை இடத்திலை வைச்சு, எங்களுக்குச் சொல்லாமல் சுவிஸ்காரர் போர்த்துறதோ’ எண்டு கேக்கினம்.”

“பிறகு?”

“பிறகென்ன, இதைவிடப் பெரிய பொன்னாடையோடை பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவிலை இருக்கிற அவரின்ரை வீட்டுக்கே போயிட்டினம். ஆள் இல்லையாம். மனுசிக்குப் படத்தைக் காட்டி, எடுத்த இடத்தையும் சொல்லி, அவவுக்கே போர்த்திப்போட்டு வந்திட்டினம். உன்ரை நம்பரையும் குடுத்தவையாம்.”

குலேந்திரன் பதறிப்போய் எமிலியிடம் ஓடினான். அவளோ சிரித்தாள்.

“பயப்படாதீர்கள். நியூஜெர்சி என்றே எல்லாரும் நம்பிவிட்டார்கள். எதிர்க்கட்சிகூட வாய் திறக்கவில்லை!”

மனேஜரே வந்து குலேந்திரனின் தோளில் தட்டினார். வேலை தப்பியது. அப்பாடா என்று அவன் மூச்சுவிட்டபோது கைத்தொலைபேசி அடித்தது. அமெரிக்க இலக்கம்.

“நான் காங்கிரஸ் உறுப்பினரின் மனைவி பேசுகிறேன். சுவிட்சர்லாந்துக்குப் போகிறேன் என்றல்லவா என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்? நியூஜெர்சியில் யாரோடு இருக்கிறார்?”