சந்தனம் வைத்த மூச்சுப்பை

ஒரு காட்டில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே ராத்திரி டியூட்டிக்குப் பொன்னரசு என்றொரு தேவாங்கு. பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத அந்தத் தேவாங்கு, கருவிகளோடு பெட்டிக்குள் வரும் காகிதங்களைத் தலைகீழாகத் தொங்கியபடி படித்துப் படித்தே தான் பாதி டாக்டராகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியைப் பற்றி யாரும் அதனிடம் கேட்டதில்லை.

அதற்கு ரொம்பப் பிடித்தது மூச்சுப்பையின் காகிதம். பிறந்ததும் மூச்சு விடாத குட்டியின் முகத்தில் வைத்து, அமுக்கிக் காற்றுக் கொடுக்கிற ரப்பர் பை அது. அதன் உச்சியில் ஒரு சின்ன வால்வு. அழுத்தம் கூடிப்போனால் 'உஸ்' என்று திறந்து மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடும். திறக்காவிட்டால் பிஞ்சு நுரையீரல் தாங்காது. இதைத் தேவாங்கு வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கும். ஆள் கிடைக்காத நாளில் வாசல் மரத்துக்கு விளக்கும்.

ஆயுத பூசை வந்தது. தராசு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்த தேவாங்குக்குப் புது மூச்சுப்பை மேல் கூடுதல் பாசம். கெட்டிச் சந்தனமாக உருட்டி, பையின் உச்சியில், பார்த்தாலே கும்பிடத் தோன்றும் இடமாகப் பார்த்து அப்பியது.

மறுநாள் காலை, டியூட்டி முடிந்து இறங்கும் நேரம், மாரிக்கொழுந்து என்ற சருகுமானுக்குத் தலைப்பிரசவம். குட்டி பிறந்தது; அழவில்லை. நாரை சிஸ்டர் துடைத்தது, முதுகைத் தேய்த்தது. அசைவே இல்லை.

"பையை எடு! சரிபாத்தியா?"

"பூசையே போட்டாச்சு சிஸ்டர்!"

"பூசையை நீ போடு. அமுக்கிப் பாக்கிறது என் வேலை." நாரை பையின் வாயைத் தன் இறக்கையில் பொத்தி அமுக்கியது.

'உஸ்' வரவில்லை. பை கல்லாக நின்றது.

"யோவ்! வால்வு மேலயா வெச்ச பொட்டை?"

தேவாங்கு பையை வாங்கிக்கொண்டது. நகத்தால் சுரண்டியது. காய்ந்த சந்தனம் உள்ளே உதிர்ந்தது.

"இந்தத் தூளையும் சேத்துக் குட்டிக்கு ஊதச் சொல்றியா? ஓடு! பக்கத்து ரூம்ல பழைய பை இருக்கு!"

பிறந்ததிலிருந்து ஓடியே அறியாத தேவாங்கு அன்று ஓடியது. விழுந்தது. எழுந்து மறுபடி ஓடியது. பழைய பையை வாங்கி நாரை அமுக்கிப் பார்த்தது: உஸ். குட்டியின் முகத்தில் வைத்து மெல்ல மெல்ல அமுக்கியது. மாரிக்கொழுந்து இமைக்காமல் பார்த்துக்கொண்டு கிடந்தது. குட்டியின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. அப்புறம் ஒரு தும்மல். அப்புறம் காடே கேட்கும்படி அழுகை.

நாரை தேவாங்கை ஓரமாகக் கூப்பிட்டது. "தாய்க்காரிகிட்ட நடந்ததை நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன் சிஸ்டர். ஒரு குளியல் போட்டுட்டு வந்துடறேன்."

குளித்தது. மன்னிப்பை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தது. 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால்' என்று சொல்லிப் பார்த்தது. தனக்கே சிரிப்பு வந்தது. 'பக்தி மிகுதியால்' என்பது அதைவிட மோசம். 'நான் ஒரு மடையன்' என்பதே உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று முடிவுசெய்து கிளம்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது.

வார்டில் சருகுமான் கூட்டமே கூடியிருந்தது. தேவாங்கு வாயைத் திறப்பதற்குள் மாரிக்கொழுந்து அதன் காலைத் தொட்டுவிட்டது.

"அண்ணே, நீங்க ஓடுன ஓட்டம் என் கண்ணுலயே நிக்குது!"

"தாயி, அந்த வால்வை அடைச்சதே நான்தான்..."

"பாத்தீங்களா மாமா, என்ன ஒரு அடக்கம்! குட்டிக்கு உங்க பேரைத்தான் வெச்சிருக்கோம்ணே."

"இல்ல தாயி, நெசமாவே நான் ஒரு மடையன்."

"பெரியவங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்க," என்றது மாமா சருகுமான். கூட்டம் தலையாட்டியது. குட்டிப் பொன்னரசு பெரிய பொன்னரசின் விரலைச் சப்ப ஆரம்பித்தது.

மூலையில் ஒற்றைக்காலில் நின்ற நாரை சிஸ்டர் சொன்னது: "இன்னும் சத்தமா சொல்லு. யாருக்கும் கேக்கலையாம்."

நீதி: தப்பைச் செய்த கையோடு ஒப்புக்கொண்டுவிடுங்கள்; குளித்துவிட்டு வந்தால் நன்றி சொல்ல ஆள் வந்துவிடும்.