இரும்புச் சித்தரின் எலுமிச்சம்பழம்

அடுத்த பேருந்து எப்போது வரும் என்று கைப்பேசி சொல்லிவிடுகிற ஊர் சிங்கப்பூர். எந்தப் பேட்டையில் மழை பெய்யும் என்பதையும் அதுவே சொல்லிவிடும். அந்த ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பின்னால் உள்ள சந்தில் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. எதற்கு? பழைய மோட்டார் சைக்கிளை வாங்கலாமா வேண்டாமா என்று எலுமிச்சம்பழத்திடம் கேட்பதற்கு.

வரிசை சந்தைத் தாண்டிப் பெரிய சாலை வரை நீண்டிருந்தது. நம் ஊரில் வரிசை ஒன்று இருந்தால் போதும். எதற்காக நிற்கிறோம் என்பதை நின்ற பிறகு கேட்டுக்கொள்ளலாம். அன்று தமிழர்கள் நின்றார்கள், சீனர்கள் நின்றார்கள், மலாய்க்காரர்களும் நின்றார்கள். இன நல்லிணக்கம் மேடையில் மட்டும்தான் வாழ்கிறது என்று யார் சொன்னது? ஏமாறும் இடத்தில் வந்து பாருங்கள்.

வரிசையின் மறுமுனையில் இரும்புச் சித்தர் வீற்றிருந்தார். முத்துராமன் என்பது அப்பா அம்மா வைத்த பெயர். காவித் துணியில் தைத்த மேல்சட்டை, கீழே ஜீன்ஸ். கழுத்தில் உருத்திராட்சம் இல்லை. பழைய ஸ்பார்க் பிளக்குகளை மாலையாகக் கோத்துப் போட்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் தட்டு, தட்டில் ஒரு குவியல் எலுமிச்சம்பழம், இரண்டு கத்திகள். ஒன்று சிவன் கத்தி, மற்றது சக்தி கத்தி.

வாங்கப் போகும் வண்டியை அவர் முன் நிறுத்த வேண்டும். சித்தர் பெட்ரோல் டேங்கின் மேல் பழத்தை வைத்து, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்து வெட்டுவார். சாறு வெள்ளையாக வந்தால் வண்டி சுத்தம். சிவப்பாக வந்தால் அந்த வண்டி உயிர்ப்பலி வாங்கியது என்று அர்த்தம். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “யார்கிட்ட வாங்கப் போற அப்பனே?”

அவருக்கு முக்காலமும் தெரியும். விற்பவர் யார் என்பது மட்டும் தெரியாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

அன்று வரிசையில் கதிரேசன் நின்றார். பொங்கோல்வாசி. கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. ஒருவன் சாரத்திலிருந்து விழுந்தால், ஏன் விழுந்தான், எந்தக் கொக்கி கழன்றது, அதை யார் சோதிக்காமல் விட்டார் என்று காரணம் கண்டுபிடிப்பதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். அப்படிப்பட்டவர் அன்று காலை குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், பழத்தின் தீர்ப்புக்காகக் காத்திருந்தார். வேலைக்குப் போகும்போது எடுத்துச் செல்லும் மூளையை ஞாயிற்றுக்கிழமைகளில் அலமாரியில் வைத்துவிடுவார் போலிருக்கிறது.

அவருக்கு இளவயதிலிருந்தே ஓர் ஆசை. குரூசர் வண்டி வேண்டும். தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, காலை முன்னால் நீட்டி, சாய்ந்து உட்கார்ந்து ராஜா மாதிரி ஓட்டுகிற வண்டி. ஐம்பதை நெருங்கும்போது அதற்கான லைசென்ஸ் கைக்கு வந்தது. வண்டியும் வந்து வாய்த்தது. பாலர் பள்ளி ஆசிரியை உம்மு சல்மா தன்னுடைய குரூசரை விற்கிறார் என்று நண்பர் ஒருவர் சொன்னார். முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதால், இனிமேல் கனமான வண்டி ஓட்டக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட வண்டி. கீறல்கூடக் கிடையாது.

கதிரேசனின் மனைவி தாரணிக்கு வண்டி வேண்டாம். அவர் அதற்குக் காரணங்களும் சொன்னார். “வண்டி வச்சுக்கிற உரிமைச் சீட்டு, அந்த சிஓஇ, முடிய இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கு. அப்புறம் புதுப்பிக்கிற செலவு வண்டி விலையைவிடக் கூட. நம்ம கார்ப்பார்க் சரிவுல அந்த எருமையை எப்படித் தள்ளுவீங்க? உங்க இடுப்பு வேற சரியில்ல.”

கதிரேசன் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “சித்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்லா” என்றார்.

சல்மாவே வண்டியை மெதுவாக ஓட்டிவந்து நிறுத்தினார். பழத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் வாங்குபவர் ஆசைப்படும்போது என்ன செய்வது? முகம் சுளிக்காமல் ஓரமாக நின்றார்.

“யார்கிட்ட வாங்கப் போற அப்பனே?”

“இவங்ககிட்டதான் சாமி. டீச்சர்.”

சித்தரின் கை சக்தி கத்தியை எடுத்தது. பழம் பிளந்தது. சிவப்புச் சாறு டேங்கின் மேல் வழிந்தது. கூட்டம் “ஐயையோ” என்றது.

“குழந்தை” என்றார் சித்தர், கண்ணைத் திறக்காமல். “ஒரு குழந்தை அழுவுது. இந்த வண்டி அதோட ரத்தத்தைக் குடிச்சிருக்கு. தொடாத. காக்கி புக்கிட்ல என் மச்சான் கடை இருக்கு. அங்க சுத்தமான வண்டி மட்டும்தான் நிக்கும். போய்ப் பாரு.”

ஓரமாக நின்ற சல்மா முன்னால் வந்தார். “என்ன பேசுறீங்க? இந்த வண்டி ஒரு பூனையைக்கூட இடிச்சதில்ல!”

யாருக்குக் கேட்டது? அதற்குள் எல்லாக் கைப்பேசிகளும் படம் எடுத்து முடித்திருந்தன. கதிரேசனும் ஒன்றை எடுத்து, மோட்டார் சைக்கிள் குழுவுக்கு அனுப்பினார். ‘குழந்தையைக் கொன்ற வண்டி, நல்ல வேளை தப்பித்தேன், எல்லாரும் ஜாக்கிரதை’ என்று ஒரு வரியும் சேர்த்தார். பாதுகாப்பு அதிகாரி அல்லவா, எச்சரிக்கை செய்வது கடமை.

வீட்டில் தாரணி நிம்மதியாகத்தான் இருந்தார். வண்டி வரவில்லை, அவர் விரும்பியதும் அதுதான். அந்த நிம்மதி செவ்வாய்க்கிழமை மாலை வரை நீடித்தது. அன்று சல்மா வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து உட்காரவும் மறுத்துவிட்டார்.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் அனுப்புன படம் எங்க பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துடுச்சு. ஒரு அம்மா என்கிட்ட நேராவே கேக்குறாங்க, டீச்சர், நீங்க ஒரு பிள்ளைய வண்டியால இடிச்சுக் கொன்னுட்டீங்களாமேன்னு. இன்னைக்கு ரெண்டு பேர் பிள்ளையை வேற வகுப்புக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. வண்டி விக்காம போகட்டும். ஆனா நான் நாளைக்கு அந்தப் பிள்ளைங்க முன்னாடி எப்படி நிக்கிறது?”

கதிரேசன் தரையைப் பார்த்தார். “சித்தர்... சும்மா சொல்வாரா?” என்று முனகினார்.

சல்மா போன பிறகு தாரணி கணவர் பக்கம் திரும்பினார். “நான் காரணத்தோட சொன்னப்ப கேக்கல. ஒரு எலுமிச்சம்பழம் சொன்னதும் கேட்டீங்க. அதுல எனக்கு லாபம்தான், வண்டி வரல. ஆனா ஒரு டீச்சரைக் கொலைகாரி ஆக்கி வர்ற நிம்மதி எனக்கு வேணாங்க. உங்க கப்பல் பட்டறையில ஒருத்தன் விழுந்தா, ரத்தத்தைப் பாப்பீங்களா, கயித்தைப் பாப்பீங்களா?”

“கயிறு” என்றார் கதிரேசன், மெல்ல.

“அப்ப கத்தியைப் பாருங்க.”

தாரணிக்குப் பள்ளிக்கூடத்து அறிவியல் பாடம் ஒன்று நினைவிருந்தது. பக்கத்து வீட்டுத் தொட்டியில் இருந்த சிவப்புச் செம்பருத்தியைக் கேட்டு வாங்கிவந்தார். இதழைக் கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காயவைத்தார். பிறகு எலுமிச்சம்பழத்தை வெட்டினார். சமையலறை மேடையில் சிவப்பாகச் சாறு வழிந்தது. எந்தக் குழந்தையும் அழவில்லை. குக்கர் மட்டும் விசில் அடித்தது.

கதிரேசன் விரலால் சாற்றைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். பக்தி அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகுமா? “நீ வெட்டுனது செம்பருத்தி. அவர் வெட்டுறது மந்திரமா இருக்கலாம்ல?”

“சரி, சோதிச்சுப் பாத்துடுவோம். உங்க அருண்ராஜை வரச் சொல்லுங்க.”

அருண்ராஜ் கதிரேசனோடு வேலை பார்ப்பவர். சித்தர் சொன்னபடி மச்சான் கடையில் கறுப்புக் குரூசர் வாங்கியவர். அதற்கு வெள்ளைச் சாறு வந்தது, மாலை விழுந்தது, கூட்டம் கைதட்டியது. சில வாரங்களிலேயே விரைவுச்சாலை வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. தடுப்பில் மோதித் தோள் எலும்பு முறிந்தது. பிரேக் தகடு அப்பளம் போலத் தேய்ந்திருந்தது என்று பழுதுபார்த்த மெக்கானிக் காட்டினார். பழம் ‘சுத்தம்’ என்று சொல்லிவிட்ட பிறகு பிரேக்கை யார் பார்ப்பார்கள்?

அருண்ராஜ் சித்தரிடம் போய் முறையிட்டிருக்கிறார். “வெள்ளிக்கிழமை கோழி பிரியாணி சாப்பிட்டியா?” என்று கேட்டாராம் சித்தர். “ஆமா சாமி.” “அதான்.” அருண்ராஜும் காணிக்கை போட்டுவிட்டு வந்துவிட்டார். கோழியின் மேல் பழி. மச்சான் மேல் ஒரு தூசியும் இல்லை.

தாரணியின் திட்டம் எளியது. “அதே கறுப்பு வண்டியை நீங்க கொண்டுபோய் நிறுத்துங்க. ஆங் மோ கியோல யாரோ விக்கிறாங்கன்னு சொல்லுங்க. வண்டி ஒண்ணுதான், அதோட பாவ புண்ணியமும் ஒண்ணுதான். மறுபடியும் வெள்ளையா வந்தா நான் சித்தர் கால்ல விழுறேன். சிவப்பா வந்தா, நீங்க போய் சல்மா முன்னாடி நிக்கணும்.”

அடுத்த ஞாயிறு. அதே வரிசை, இன்னும் கொஞ்சம் நீளமாக. குழந்தை அழுத கதை நல்ல விளம்பரம் ஆகியிருந்தது. கதிரேசன் கறுப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வெள்ளையாக வந்துவிட வேண்டும் என்றுதான் அவர் மனம் கெஞ்சியது. சிவப்பாக வந்தால், தான் முட்டாள் என்பது உறுதியாகிவிடுமே! மனிதன் எதை வேண்டுமானாலும் இழப்பான். ஏமாந்தேன் என்று ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வராது.

சித்தர் வண்டியை ஏறிட்டுப் பார்த்தார். கறுப்பு வண்டிகள் ஆயிரம் வருகின்றன. எதென்று அடையாளம் வைப்பார்? ஞானக்கண்ணுக்கு நம்பர் பிளேட் தெரியாது.

“மச்சான் கடைக்குப் போகச் சொன்னேனே. யார்கிட்ட வாங்கப் போற?”

“ஆங் மோ கியோல ஒருத்தர் விக்கிறார் சாமி.”

கை சக்தி கத்திக்குப் போனது. கதிரேசன் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் “ஐயையோ” என்று அலறியதும் திறந்தார். சிவப்பு.

“ரெண்டு உயிர்!” என்றார் சித்தர். “ஓட்டுனவனும் போயிட்டான், பின்னாடி உக்காந்த பொண்ணும் போயிட்டா. அந்தப் பொண்ணு இன்னும் சீட்லயே இருக்கா. இறங்க மாட்டேங்குறா.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருண்ராஜ் வந்தார், ஒரு கை கழுத்துக் கட்டில் தொங்க. “சாமி, இது என் வண்டி.”

“எது?”

“இதுதான். உங்க மச்சான் கடையில வாங்குனது. இதே இடத்துல நீங்கதான் வெட்டுனீங்க. வெள்ளைன்னு மாலை போட்டு அனுப்புனீங்க. இந்தா நிக்கிறாரே, இந்த அண்ணன்கூடக் கைதட்டுனாரு.”

அந்த அண்ணன் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பைக்குள் விட்டுக்கொண்டார்.

சித்தர் அசரவில்லை. தொழில் தெரிந்தவர். “அதுக்கப்புறம் அடிபட்டுச்சுல்ல? ஓட்டுனவன் செத்தான்ல?”

“ஓட்டுனது நான்தான் சாமி. நான் இன்னும் சாகல.”

முதலில் ஒரு சீனப் பெரியவர்தான் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சிரிப்பு வரிசை வழியாகப் பின்னோக்கிப் போனது.

அந்த நேரத்தில் தாரணி முன்னால் வந்தார். தேக்கா சந்தையில் வாங்கிய பழங்கள் அவர் பையில் இருந்தன. ஒன்றை எடுத்து, தட்டை நகர்த்தி, பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்தார்.

“சாமி, இந்த ஸ்டூல் யாரையாவது இடிச்சுக் கொன்னிருக்கா?”

“கத்தியைத் தொடாத! குடும்பமே எரிஞ்சு போயிடும்!” சித்தர் எழுந்தார். ஸ்பார்க் பிளக்குகள் கலகலத்தன.

தாரணி சக்தி கத்தியால் வெட்டினார். சிவப்பு. சிவன் கத்தியை எடுத்து இன்னொரு பழத்தை வெட்டினார். வெள்ளை.

“முதல்ல கொலைகார ஸ்டூல். இப்ப உத்தம ஸ்டூல். நடுவுல கத்திதான் மாறுச்சு” என்றார். “செம்பருத்திப் பூவைத் தேய்ச்சா எந்தக் கத்தியும் அழும். வீட்டுக்குப் போய் வெட்டிப் பாருங்க. பக்கத்து வீட்டுல கேட்டு வாங்குங்க, கீழ்த் தோட்டத்துல பறிச்சா அபராதம்.”

கூட்டத்திலிருந்து ஒரு பக்தர் குரல் கொடுத்தார்: “அப்படின்னா சக்தி கத்தியிலதான் இருக்கு போல!”

என்ன செய்வது, சில தலைகளுக்கு வெளிச்சம் போக வழியே வைத்துக் கட்டவில்லை.

ஆனால் மற்றவர்களுக்குக் கண் திறந்துவிட்டது. காணிக்கையைத் திருப்பிக் கேட்டுக் கைகள் நீண்டன. இரண்டு உயிர் போனதைக் கண்டவர், தன் மேல் பாய வந்தவர்களைக் கடைசி நொடி வரை காணவில்லை. காவிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, சந்தின் மறுபக்கமாக ஓடினார். அருண்ராஜ் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். தேய்ந்த பிரேக் தகட்டையும் கையோடு கொண்டுபோனார். மச்சானுடைய கடையின் இரும்புக் கதவு அந்த வாரமே இறங்கியது.

கதிரேசன் சல்மாவைத் தேடிப் போனார். “மன்னிச்சிருங்க டீச்சர்” என்றார்.

“என்கிட்ட சொல்றது ஈசி அண்ணே. ஊரு பூரா அனுப்புனீங்களே, அங்க யாரு சொல்றது?”

மறுநாள் காலை அவர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பாலர் பள்ளி வாசலில் நின்றார். பிள்ளைகளை விட வந்த ஒவ்வொரு அம்மாவிடமும் அப்பாவிடமும், அந்தப் படத்தை அனுப்பிய முட்டாள் நான்தான் என்று சொன்னார். முதல் ஆளிடம் திக்கித் திணறித்தான் சொன்னார். போகப் போகக் குரல் தெளிந்தது. வகுப்பு மாறிய பிள்ளைகளில் ஒன்று அன்றே திரும்பி வந்தது. மற்றது வரவில்லை. பொய் ஓடிய தூரம் எல்லாம் உண்மைக்கு நடந்து போகத் தெம்பு இருப்பதில்லை.

வண்டி? அதையும் சொல்லிவிடுகிறேன். சல்மாவின் வண்டியை இந்த முறை முறையாகப் பார்த்தார்கள். மெக்கானிக் பிரேக்கைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். குறையே இல்லை என்றார். கதிரேசன் முகம் மலர்ந்தது. கடைசியாக, கார்ப்பார்க் சரிவில் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். பாதி வழியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வண்டியைப் பிடிக்க மெக்கானிக் ஓடிவர, கணவரைப் பிடிக்கத் தாரணி ஓடிவந்தார்.

“வேணாம் தாரணி” என்றார் கதிரேசன், மூச்சு வாங்க. “இது எனக்கு ஆகாது.”

“சித்தர் சொன்னாரா?”

“இடுப்பு சொல்லுது.”

வண்டியை வேறொருவர் சோதித்துப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். கதிரேசனின் ஆசை ஆசையாகவே நின்றுவிட்டது. அதற்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த வருத்தத்துக்கு ஒரு காரணம் இருந்தது, காரணத்தை அவரே கண்டுபிடித்திருந்தார்.

இரண்டு சந்து தள்ளி இப்போது ஒருவர் முட்டையை உருட்டி வீட்டுக்கு வாஸ்து பார்க்கிறாராம். வரிசை பெரிய சாலை வரை நிற்கிறதாம். நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வண்டியில் ஏறும்போது தலைக்கவசத்தை மறக்காமல் போடுகிறீர்களே, மிக நல்லது. அவ்வளவு கவனமாகக் காப்பாற்றி வைத்திருக்கும் அந்தப் பொருளை, ஐயா, எப்போதாவது பயன்படுத்தியும் பாருங்கள்.