என் பெயரில் போன மன்னிப்பு

களைத்துப்போன மனிதன் எடுக்கும் முடிவுகள் சட்டப்படி செல்லாது என்று அறிவித்துவிட்டால் நாட்டில் பாதி குடும்பங்கள் பிழைக்கும். என் வாட்ஸ்அப்பை ஒரு ஏஐ ஏஜென்டிடம் நான் ஒப்படைத்தது அப்படியொரு முடிவு.

விருத்தாசலத்தில் எனக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை. பகலெல்லாம் சூளை அனலில் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால், "புள்ளையாருக்குத் தும்பிக்கை உடைஞ்சிருக்குது" என்று வியாபாரிகளின் புகார்கள் காத்திருக்கும். அவற்றுக்குப் பதில் சொல்லத்தான் அந்த ஏஜென்ட். பழைய உரையாடல்களை நினைவில் வைத்துக்கொண்டு, எந்தப் பதிலுக்கு ஆள் சமாதானமானார் என்று பார்த்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். (நான் இந்த வயதுவரை செய்யாத காரியம்.) முதலில் மன்னிப்பு, பிறகு மாற்றுப் பொருள், இதற்கு எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள் என்று சீக்கிரமே கற்றுக்கொண்டது. நான் நிம்மதியாகக் குறட்டை விட்டேன்.

அந்தச் சமயத்தில் தங்கை செல்வியைப் பெண் பார்க்க வேப்பூரிலிருந்து வந்தார்கள். பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. நான் அவர்களுக்குக் கொடுத்தது பட்டறை நம்பர். (என்னிடம் இருப்பதே அது ஒன்றுதான்.)

மறுநாள் பையனின் அப்பா போன் செய்தார்.

"தம்பி, உங்க வூட்ல எத்தினி பொண்ணுங்க?"

"ஒரே தங்கச்சிதாங்க."

"அப்ப அடுத்த லோடுல யாரு வராங்க?"

பதறிப்போய், அவர் லைனில் இருக்கும்போதே வாட்ஸ்அப்பைத் திறந்தேன். பையனின் அம்மா, "பொண்ணு புடிச்சிருக்குது. உயரந்தான் கொஞ்சம் கம்மி" என்று எழுதியிருந்தார். அதற்கு என் பெயரில் போயிருந்த பதில்: "மன்னிக்கணுங்க. அடுத்த லோடுல உயரமா அனுப்புறோம். இதத் திருப்பித் தர வேணாம், நீங்களே வெச்சுக்குங்க."

எட்டிப் பார்த்துப் படித்த செல்வி, என் கையிலிருந்து போனை வாங்கி, லைனில் இருந்தவரிடம் பையனின் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அத்தை, அது மெஷின் எழுதுனதுங்க. அடுத்த லோடெல்லாம் இல்ல. நான் ஒருத்திதான், உயரமும் இவ்ளோதான்."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "இவ்ளோ வெவரமா பேசுற பொண்ணுக்கு உயரம் எதுக்கு" என்றார். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

அந்தப் போன் வந்த அன்றைக்கே ஏஜென்டைத் திட்டித் தீர்த்தேன். "தங்கச்சிய மாத்த முடியாது, ஞாபகம் வெச்சுக்க" என்றேன். வைத்துக்கொண்டது. முருகனுக்கு வேல் முறிந்திருப்பதாகப் புகார் சொன்ன கும்பகோணம் வியாபாரிக்கு, "மாத்தித் தரோங்க. எங்க தங்கச்சிய மட்டும் மாத்த முடியாது" என்று எழுதிவிட்டது.

அன்றே அதை நிறுத்தினேன். செல்வியின் மாமியார், வேப்பூர் அத்தைதான் அதை நம்ப மறுக்கிறார். இன்றும் போனில் அவருடைய முதல் கேள்வி, "பேசறது நீயா, அதுவா?"

"நான்தாங்க அத்தை" என்பேன்.

"கொட்டாவி கேக்குது. அப்ப நீதான்" என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவார்.