எட்டாயிரம் கிலோமீட்டரும் ஸ்டீயரிங் அண்ணனும்

நடந்தது இவ்வளவுதான்:

1. ஸ்டீயரிங் அண்ணனுக்கு ஆக்லாந்து டிக்கெட் போட்டேன்.
2. சென்னை விமான நிலையம் வரை அவரே ஜீப் ஓட்டினார். துணைக்கு நானும் போனேன்.
3. விமானத்தில் ஏறி உட்கார்ந்தார்.
4. கதவு சாத்துவதற்குள் இறங்கிவிட்டார்.

சேர்வராயன் மலையில் அவரைப்போல வண்டி ஓட்ட ஆள் கிடையாது. அவரைப்போல வண்டியில் சும்மா உட்காரத் தெரியாதவரும் கிடையாது. இன்னொருவர் ஓட்டினால் வாந்தி வந்துவிடும். தன் கல்யாணத்தன்றுகூட மாலையும் கழுத்துமாகக் காரை ஓட்டியது அவர்தான். சிறுநீரகக் கல் வலிக்கு ஆம்புலன்ஸ் வந்தபோது, இரண்டு வளைவு தாண்டியதும் இறங்கி, தன் ஜீப்பை வரவழைத்து அவரே ஓட்டிப்போனார். பின்னால் ஆம்புலன்ஸ் காலியாக, சைரன் போட்டுக்கொண்டு வந்தது.

ஒரே மகள் ஆக்லாந்தில் இருக்கிறாள். தலைப்பிரசவம். அம்மா இறந்துவிட்டதால் அப்பாவைக் கூப்பிட்டாள்.

வழி கேட்க என்னிடம் வந்தார். நான் மென்பொருள் வேலை பார்ப்பவள். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லித்தான் பழக்கம்.

"ஏனுங்கண்ணு, சிங்கப்பூர்ல மாறி ஏறுனா அங்கிருந்து நொம்ப தூரமா?"

"எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டருங்கண்ணா. பத்து மணி நேரம்."

"நடுவுல எங்க நிறுத்துவாங்க?"

"நிறுத்த மாட்டாங்க. கீழ கடலுங்க."

"டிரைவரு டீ குடிக்க?"

"உக்காந்த எடத்துலயே குடிப்பாரு."

"அப்ப ஸ்டீயரிங்க யாரு புடிச்சுக்குவா?"

"யாரும் புடிக்க வேண்டியதில்லீங்க. பாதி நேரம் அது தானாவே போயிக்கும்."

அண்ணன் எழுந்துபோய்த் தன் ஜீப்பில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

விமானத்துக்குள் நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். பணிப்பெண்ணிடம், "ஏம்மா, முன்னாடி டிரைவர் பக்கத்துல ஓரமா உக்காந்துக்கறேன். எதையும் தொட மாட்டேன். ரோட்ட மட்டும் பாத்துட்டு வாறேன்" என்றாராம்.

"அங்க ரோடு இல்லீங்க சார்."

"அப்ப எதப் பாத்து ஓட்டறாரு?"

அந்தப் பெண் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

திரும்பும் வழியில் ஆத்தூர் அருகே மகள் கூப்பிட்டாள். ஓரமாக நிறுத்தி எடுத்தார்.

"அப்பா, சிங்கப்பூர் வந்துட்டீங்களா?"

"இல்ல சாமி... ஆத்தூரு."

அவள் போனை வைத்துவிட்டாள். ஏற்காடு வந்து சேரும்வரை அண்ணன் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

பிரசவம் ஊரிலிருந்து யாருமில்லாமல்தான் நடந்தது. பேத்தி இப்போது தவழ்கிறாள். மகள் படம் அனுப்புகிறாள், பேசுவதில்லை.

இன்றைய நிலவரம்: அண்ணன் தினமும் காலையில் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து பழகுகிறார். பக்கத்து ஊரான தலைச்சோலை வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுகிறார். வாயைக் கொப்பளித்துவிட்டு, "போலாங் கண்ணு" என்று மறுபடி ஏறிக்கொள்கிறார்.

நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.