கிளட்ச் இல்லாத வண்டி

"கிளட்சை மிதிச்சாலே இடது முட்டி வலி உயிர் போகுதுங்க. இனிமே உங்களை ஆபீஸ்ல கொண்டுவிட என்னால ஆகாது," என்று மனைவி சொன்னதிலிருந்து தணிக்கையாளர் பஸ்ஸில் போய்வந்தார். பழைய வண்டி உறை மூடி நின்றது. நெரிசலில் சட்டைப் பொத்தான்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எப்படி ஓட்ட வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"கிளட்ச்தானே தொல்லை? ஆட்டோமேட்டிக் வாங்கிடுவோம்," என்றார்.

கடை கடையாக ஏறி மனைவியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். முதலில் ஏ.எம்.டி. சாதாரண கியர்பெட்டிதான், கிளட்ச் வேலையை மட்டும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். கியர் மாறும்போதெல்லாம் இருவர் தலையும் முன்னால் ஆடியது.

"மாறுற நேரத்துல ஆக்சிலேட்டரை லேசா விடு. இப்ப விடு. இல்ல, இப்ப! அய்யோ, அப்பவே விட்டிருக்கணும்."

மனைவி கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "முட்டியோட இதுவும் சேந்துக்கிச்சு."

அடுத்த கடையில் சி.வி.டி.

"இதுல கியர்ப் படியே கிடையாது சார், பெல்ட்தான். வழுக்கிக்கிட்டுப் போகும்," என்றார் விற்பனையாளர். வழுக்கத்தான் செய்தது. ஆனால் அழுத்தி மிதித்தால் எஞ்சின் மிக்ஸி மாதிரி அலறியது. அதற்கு மேல் தணிக்கையாளர் கத்த வேண்டியிருந்தது.

"சத்தம் ஏறுது, வேகம் ஏறல! மெதுவா மிதி! மெதுவா!"

"தலை வலிக்குதுங்க."

பிறகு டி.சி.டி. இரண்டு கிளட்ச்; ஒன்று ஒரு கியரைப் பிடித்திருக்கும்போதே மற்றது அடுத்ததைத் தயாராக வைத்திருக்கும். நெரிசலில் ஊர்ந்தால் சூடாகிவிடும் என்று அவர் எங்கோ படித்திருந்தார்.

"ஊர்ந்து போகாதே, சூடாயிடும்."

"முன்னால லாரி நிக்குது."

"அப்ப நில்லு. ஏன் நின்னுட்ட? பின்னால ஹாரன் அடிக்கிறான் பாரு!"

வண்டி சூடாகவில்லை. மனைவியின் முகம்தான் சிவந்திருந்தது.

கடைசியாக டார்க் கன்வெர்ட்டர். இதில் கிளட்சுக்குப் பதில் எண்ணெய். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஆனால் வெண்ணெயாகப் போகும். குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிற மனிதர், சொல்ல ஒன்றும் இல்லாமல் தவித்துப்போனார்.

"பாத்தியா, கியர் மாறினதே தெரியல. இப்ப மாறிச்சு, தெரிஞ்சுதா? இப்பவும் மாறிச்சு!"

மனைவி வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். "வேண்டாங்க. எனக்கு எந்த வண்டியும் ஒத்துக்கல."

அவருக்கு மனசு கேட்கவில்லை. எவ்வளவு வலியைப் பொறுத்துக்கொண்டு இத்தனை நாள் தன்னை ஆபீசில் விட்டிருக்கிறாள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

"விடும்மா. உன் உடம்பைவிட ஆபீஸா பெருசு? காலம் பூரா பஸ்லயே போயிக்கிறேன்."

நொண்டி நொண்டி நடந்த மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவர் குடியிருப்பு வாசலுக்கு வந்தபோது, காவலாளி பதறி எழுந்தார்.

"அய்யய்யோ, கால்ல என்னம்மா ஆச்சு? நேத்துகூட சார் பஸ் ஏறினதும் வழக்கம்போல பழைய வண்டியை எடுத்துக்கிட்டு ஜம்முனு போனீங்களே!"