மாமனாரை மண்ணுக்குள் இறக்கியவள்

புவியியல் டீச்சரோடு யாரும் ஊர் சுற்றப் போகக் கூடாது. மற்றவர்கள் மேடு பள்ளத்தைப் பார்த்தால் போட்டோ எடுப்பார்கள். நாங்கள் பாடம் எடுப்போம். அந்த டீச்சர் புதுசாகக் கல்யாணமானவளாகவும், பாடம் கேட்பவர் மாமனாராகவும் இருந்துவிட்டால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். (காப்பாற்றினார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

என் மாமனார் ஏலாக்குறிச்சியில் கரும்பு விவசாயி. கல்யாணமாகிச் சில மாதங்கள் ஆகியும் "சாப்டியா", "ம்" இரண்டையும் தவிர என்னிடம் எதுவும் பேசியதில்லை. என்னைப் பிடிக்கவில்லையோ என்று எனக்குள் ஓர் உதறல். எப்படியாவது அவரை அசத்திவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, அவரையும் என் கணவர் ஜெரால்டையும் பெரம்பலூர்ப் பக்கம் காரைக்குக் கிளப்பினேன். (காரை என்பது ஊர். போனதும் காரில்தான்.)

அங்கே மழை அரித்த பள்ளங்களும் மடிப்பு மடிப்பான மேடுகளுமாகக் கண்ணுக்கெட்டிய வரை களிமண். எந்தக் காலத்திலோ கடலுக்கடியில் படிந்தது.

"பாத்தீங்களா மாமா, இந்தப் பள்ளமெல்லாம் யாரும் வெட்டலைங்க. மழைத் தண்ணி மெதுவா, கண்ணுக்கே தெரியாம அரிச்சது."

"ம்."

அந்த "ம்" எனக்குப் போதவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால்தான் புரியும் என்று ஒரு பள்ளத்துக்குள் இறக்கினேன். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் வந்தார். மேற்கே வானம் கறுத்தது.

"மழை வரும்போல இருக்கு, மேல வாங்க!" என்று மேட்டிலிருந்து ஜெரால்டு கத்தினார்.

"இந்தப் பக்கம் மழையே கம்மிங்க!" என்றேன். (மாவட்டத்தின் சராசரி மழையளவு தெரிந்தவளாயிற்றே!)

அந்தச் சராசரி மொத்தமும் அப்போதே கொட்டியது. ஓடு மாதிரி இறுகிக் கிடந்த தரை கூழாகிவிட்டது. என் செருப்பை மண் வாங்கி வைத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால், மாமனார் முழங்கால் வரை புதைந்து நிற்கிறார். செம்மண் கலரில் தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. படித்ததெல்லாம் மறந்து, "மாதாவே, மாமாவக் காப்பாத்து!" என்று அலறினேன்.

"கத்தாதம்மா. கையக் குடு."

இழுத்தேன். அவர் வரவில்லை; நான்தான் போனேன், குப்புற. உதவிக்கு ஓடி வந்த ஜெரால்டு, உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கி எங்கள் நடுவில் வந்து சேர்ந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

மாமனார் சட்டென்று வேட்டியை அவிழ்த்தார். (உள்ளே டவுசர் இருந்தது, ஆண்டவருக்குத் தோத்திரம்.) "ஒரு முனைய மேட்டுல நிக்கிற அந்தக் கருவ மரத்துல கட்டுடா!"

ஜெரால்டு தவழ்ந்து போய்க் கட்டினார். மாமனார் வேட்டியைப் பிடித்து ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு மேலேறினார். பின்னாலேயே நானும். மேலே வந்து மூச்சு வாங்கும்போது, நாங்கள் நின்றிருந்த இடத்தின் மீது பள்ளத்தின் ஓரம் பொத்தென்று சரிந்து விழுந்தது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "மன்னிச்சிருங்க மாமா..."

டவுசரோடு, தலை முதல் கால் வரை சேறாக நின்றவர் சரிந்த இடத்தையே பார்த்தார். "மெதுவா அரிக்கும்னியேம்மா, இது ஏன் இப்புடி அவசரப்படுது?" என்று கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போன உயிர் திரும்பி வந்தது.

நனைந்து இறுகிய முடிச்சை எங்களால் அவிழ்க்க முடியவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேட்டி எங்கங்க?" என்றார்.

"கருவ மரம் கட்டியிருக்கு."

ஒவ்வொரு திருவிழாவுக்கும் வரும் சொந்தக்காரர்களிடம் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இப்போதெல்லாம் வானம் லேசாகக் கறுத்தாலே எனக்கு மாமனாரிடமிருந்து போன் வந்துவிடும்.

"எங்கம்மா இருக்க? தார் ரோட்டுலயா, மண்ணுலயா?"

தார் ரோடு என்று சொன்னால்தான் போனை வைப்பார்.