டார்ச் சொன்ன டீ

திருப்பதியில் டார்ச்சைப் போல ஜனங்களின் தூக்கத்தைக் கெடுத்த மனிதர் வேறு யாரும் கிடையாது. கோவிந்தராஜர் கோயில் பக்கத்துச் சந்தில், வாட்ச் ரிப்பேர் கடையொன்றில், நகைக்கல் சோதிக்கும் பாதி மேஜைதான் அவருடைய ராஜ்யம். கையில் பேனா அளவு டார்ச், கண்ணில் லென்ஸ். நீங்கள் கொண்டுபோன சிவப்புக்கல் கெம்பா, கெம்பு வேஷம் போட்ட வேறு கல்லா, பர்மாவில் பிறந்ததா, அடுப்பில் வெந்து சிவந்ததா என்று அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

ஆனால் வாய் திறந்து சொல்லமாட்டார். ஒருமுறை "கண்ணாடி" என்று சொல்லி, எதிரே இருந்தவர் மயங்கி விழுந்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாராம். கல் அசல் என்றால் எதிர்க்கடையில் உங்களுக்கு ஒரு டீ சொல்வார். போலி என்றால் தன் சொம்பிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி உங்கள் பக்கம் நகர்த்துவார். அந்தச் சந்தில் தாகம் எடுத்தவன்கூடத் தண்ணீர் கேட்கப் பயப்படுவான்.

என் எழுத்து பிரகாசிக்க வேண்டும் என்று நான் போட்டிருந்த புஷ்பராகத்துக்குத் தண்ணீர்தான் கிடைத்தது. என் வாசகர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். ஒரு கல்யாணத்தில் அட்சதை போடப் போனவர், மணப்பெண்ணின் அட்டிகை மேல் லென்ஸோடு குனிந்தார். நிமிர்ந்து, மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அன்று பந்தி ஒரு மணி நேரம் தாமதம்.

போன வருஷம் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். அது அசல், ஸ்கேனிலேயே தெரிந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து அவள் அக்கா புத்தூரிலிருந்து வந்து, அவள் விரலில் இருந்த நீலக்கல் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலம்சென்ற என் மாமனார் வாங்கிப் போட்டது. எல்லா ஆபத்திலிருந்தும் தன்னைக் காப்பது அதுதான் என்பது என் மனைவியின் நம்பிக்கை. அந்த இலாகாவில் எனக்கு இடமில்லை.

"இது டூப்பு மாதிரி கீதுடி. நைனாவ எவனோ ஏமாத்திட்டுக்கிறான்."

அவ்வளவுதான். "டார்ச் அண்ணன் பாத்து நல்ல கல்லுன்னு சொல்லட்டும். அப்புறம்தான் கத்தி" என்று என் மனைவி படுத்துவிட்டாள். டாக்டரோ, தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறார்.

நான் முன்னதாக டார்ச்சிடம் ஓடினேன். "அண்ணா, எதுவா இருந்தாலும் டீ சொல்லிடுங்க."

"கல்லு சொல்றதத்தான் நான் சொல்லுவேன். போயி இட்டுகினு வா."

இட்டுக்கொண்டு போனேன். அரை நிமிட மனிதர் ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார். அசல் நீலத்துக்குள் பட்டிழை ஓடும், கண்ணாடி என்றால் உருண்டைக் குமிழி இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். நான் பார்த்தேன். சோடா பாட்டில் போல மூன்று குமிழிகள்.

அவர் கை சொம்புக்குப் போனது.

வலியில் விலாவைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "நைனா இத மூணு நாளு தலகாணிக்கு அடியில வெச்சினு தூங்கிப் பாத்தாருண்ணா. நீலம் நமக்கு ஆவலன்னா கெட்ட கனவு வருமாமே. ஒண்ணும் வர்லியாம். அப்புறம்தான் எனக்குப் போட்டாரு."

கண்ணாடிக்கு ஏது கனவு? டார்ச்சின் கை சொம்பின் மேலேயே நின்றது. பிறகு எதிர்க்கடைப் பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்கு ஒரு டீ. இஞ்சி தட்டிப் போடு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மோதிரத்தைத் தியேட்டர் வாசலிலேயே கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். உள்ளே அவளுக்குக் காவல் டீதான். இதை எழுத எனக்குத் தைரியம் வந்ததே, என் எழுத்தை அவள் படிப்பதில்லை என்பதால்தான்.

மறுநாள் விஷயம் சொல்லப் போனேன். டார்ச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால், அவர் பக்கமாகவே நகர்த்தி வைத்த ஒரு டம்ளர் தண்ணீர்.

"அம்மாவுக்கு எப்டி கீது?"

"நல்லா கீறாண்ணா."

தலையாட்டினார். தண்ணீரைத் தொடவில்லை.

நான் டம்ளரை எடுத்து வாசலில் கொட்டிவிட்டு, எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தேன். "அண்ணனுக்கு ஒரு டீ."